தெரிந்தும் தடுக்காதவர்: பெற்றோரும் சபைப் பொறுப்பாளர்களும் ஏலியின் வீட்டுக் கதையைச் சேர்ந்து படிப்பது எப்படி

பிள்ளை வளர்ப்பு என்று தலைப்புப் போட்டால் நம்மூர்ச் சபைகளில் நீதிமொழிகள் 22:6 வாசித்து, பிள்ளைகளுக்கு நாலு அறிவுரை சொல்லி, ஜெபத்தோடு முடித்துவிடுகிறோம். ஊழியர்களைப் பற்றிய பேச்சு என்றால் எபிரெயர் 13:17, நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள். இரண்டும் வேதத்தில் இருக்கும் வசனங்கள்தான். ஆனால் அந்த எபிரெயர் வசனத்தின் அடுத்த பாதியில், நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ண வேண்டியவர்கள் என்று இருக்கிறதே, அதை எத்தனை கூட்டத்தில் நிறுத்தி வாசித்திருக்கிறோம்? பெரியவர்களிடம் தேவன் கேட்கும் கணக்கை, பெரியவர்களே உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்கு 1 சாமுவேலில் வரும் ஆசாரியர் ஏலியும் அவருடைய மகன்களும் நல்ல பாடம். அதை எப்படி நடத்தலாம் என்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. சபையோ, பெந்தெகொஸ்தே சபையோ, கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கோ, யாருக்கும் இது பொருந்தும். கத்தோலிக்கர்கள் கையில் திருவிவிலியம் இருந்தால் யாத்திராகமத்தை விடுதலைப் பயணம் என்றும் உபாகமத்தை இணைச் சட்டம் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிகாரங்கள் அதேதான்.

முதலில் நேரமும் ஆட்களும். பனியன் கம்பெனி ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள், ஓ.டி. வேறு இருக்கும், தறிக்காரர்களுக்கு ஷிப்ட், அதனால் ஞாயிறு சாயங்காலம்தான் சரிப்படும். வாரம் ஒன்று வீதம் நாலு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் மட்டும் ஒரு பக்கம், கமிட்டிக்காரர்கள் மட்டும் இன்னொரு பக்கம் என்று பிரித்து உட்கார வைக்காதீர்கள், இது முக்கியம். ஏலி ஒரே ஆள்தான், அவரே தகப்பன், அவரே ஆசாரியர். இரண்டு பொறுப்பும் ஒரே இடத்தில் எப்படி விழுந்தது என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு தரப்பும் ஒரே பாயில் உட்கார வேண்டும். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மாட்டிலும் கிணற்றிலும் தொடங்குங்கள்

ஏலியிடம் நேராகப் போகாதீர்கள். போனால் எல்லோரும் உடனே தங்கள் பையனை நினைத்துக்கொள்வார்கள், அல்லது தங்கள் போதகரின் பையனை நினைத்துக்கொள்வார்கள், பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும். முதல் வாரம் யாத்திராகமம் 21:28 முதல் 36 வரை வாசியுங்கள். ஒருவனுடைய மாடு ஒரு ஆளை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டைக் கல்லெறிய வேண்டும், மாட்டுக்காரன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அது ஏற்கனவே முட்டுகிற மாடு, அவனிடம் சொல்லியும் இருக்கிறார்கள், அவன் கட்டி வைக்கவில்லை என்றால் மாட்டோடு சேர்த்து அவன் உயிருக்கும் கேடு. மாடு ஒன்று, சாவும் ஒன்று, மாறியது ஒன்றே ஒன்றுதான்: அவனுக்குத் தெரிந்திருந்தது.

நம்மூரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. இன்றைக்கு மில்லுக்குப் போகிறவர்களும் அப்புச்சி வீட்டுத் தோட்டத்தில் கட்டுத்தரியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான், காங்கேயம் காளையின் கொம்புக்கு எட்டாமல் எங்கே நிற்க வேண்டும் என்று ஆறு வயதிலேயே தெரியும். அப்புறம் 33, 34 வசனங்கள்: குழியைத் திறந்துவிட்டோ, வெட்டியோ மூடாமல் விட்டால், அதில் விழுந்த மாட்டுக்கும் கழுதைக்கும் குழிக்காரன் பணம் கட்ட வேண்டும். கூடவே உபாகமம் 22:8, புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். சுவர் இல்லாத கிணறும் மூடாத போர்வெல் குழியும் நம் பக்கத்தில் எத்தனை வீட்டை அழ வைத்திருக்கிறது என்று கூட்டத்தில் இருப்பவர்களே சொல்வார்கள், சொல்லவிடுங்கள்.

இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவருக்குத் தெரிந்திருந்ததா? தடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்ததா? தடுத்தாரா? நாலு வாரமும் எந்தப் பகுதியை வாசித்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள், வேறு கேள்வித்தாள் வேண்டாம்.

ஏலி

இரண்டாம் வாரம் முழுவதும் ஏலிக்குத்தான். 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரம் 12-ல் தொடங்கி 4-ஆம் அதிகாரம் 18 வரை, கொஞ்சம் நீளம்தான், ஆளுக்குப் பத்து வசனமாகச் சத்தமாக வாசியுங்கள். அதற்கு முன் 1:12 முதல் 17 வரை வாசித்துவிடுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய அழுது ஜெபிக்கிறாள். ஏலி அவளைப் பார்த்து, குடித்திருக்கிறாய் என்று அதட்டுகிறார். வெளியூரிலிருந்து வந்த ஒரு துக்கப்பட்ட பெண்ணை அதட்ட அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. ஆசரிப்புக் கூடாரம் இருந்த அதே சீலோவில் அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும், ஜனங்கள் கொண்டுவந்த பலியில் கொழுப்பைத் தேவனுக்குத் தகனிக்கும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டு வாங்குகிறார்கள், கொடுக்காவிட்டால் பலவந்தமாக எடுப்பேன் என்று ஆள்விட்டு மிரட்டுகிறார்கள், ஆசரிப்புக் கூடார வாசலில் கூடும் பெண்களோடு தவறாக நடக்கிறார்கள். அவர்களிடம் ஏலி என்ன செய்தார்? புத்தி சொன்னார். 2:23 முதல் 25 வரை அவர் சொன்னது நல்ல புத்திதான், ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "பாவம், அந்த மனுசன் சொல்லித்தானுங்க பார்த்தாரு, கேக்கலைன்னா என்ன பண்ணுவாரு" என்று நிச்சயம் சொல்வார். வயதான தகப்பன்மேல் வரும் இரக்கம் அது, அதை மறுத்துப் பேசாமல் சுவரில் இருக்கும் இரண்டாவது கேள்வியைக் காட்டுங்கள். ஏலி வெறும் தகப்பன் என்றால் அந்த இரக்கம் சரி, மகன்கள் வளர்ந்தவர்கள். ஆனால் அவர் சீலோவின் ஆசாரியர், இஸ்ரவேலை நாற்பது வருஷம் நியாயம் விசாரித்தவர். மகன்களைப் பலிபீடத்தை விட்டு விலக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. விலக்கவில்லை. அப்புறம் 2:29-ஐ மெதுவாக வாசியுங்கள். என்னைப் பார்க்கிலும் உன் குமாரரை மதிப்பாய் எண்ணுகிறாயே என்று தேவமனுஷன் ஏலியைக் கேட்கிறார், காணிக்கையின் நல்ல பங்கில் நீங்கள் கொழுத்துப்போகும்படி என்று சொல்லும்போது மகன்களை மட்டும் சொல்லவில்லை, தகப்பனையும் சேர்த்துத்தான் சொல்கிறார். மகன்கள் அநியாயமாக எடுத்த இறைச்சி அவருடைய இலைக்கும் வந்திருக்கிறது. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் நிற்கும் இடம் இதுதான், ஏனென்றால் கண்டிக்காமல் விடுவதற்குப் பாசம் மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம், பெரும்பாலும் அந்தத் தவறால் நமக்கும் ஏதோ ஒரு பங்கு வந்துகொண்டிருக்கும்.

தீர்ப்பு 3:13-ல் இருக்கிறது: அறிந்திருந்தும் அடக்கவில்லை. முட்டுகிற மாட்டின் சட்டம் சொன்ன அதே காரணம். முடிவில் ஒரே நாளில் மகன்கள் இருவரும் போரில் சாகிறார்கள், தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டி எதிரிகளான பெலிஸ்தர் கைக்குப் போகிறது, தொண்ணூற்றெட்டு வயது ஏலி பெட்டி பறிபோன செய்தியைக் கேட்டு ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து பிடரி முறிந்து சாகிறார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் கூட்டத்தை முடித்தால் ஆபத்து. ஏலியின் குற்றம், மகன்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பதோ, ஊரில் அவர் மானம் போனது என்பதோ இல்லை. பலி கொண்டுவந்த ஏழையும் வாசலில் நின்ற பெண்களும் அடிபட்டார்கள், அதைத் தடுக்க வேண்டியவர் தடுக்கவில்லை என்பதுதான் குற்றம். ஒரு பெண்பிள்ளை வேறு சாதியில் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னால் அது ஏலியின் வீட்டுக் கதை ஆகாது. "அடக்கு" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மகளைப் பூட்டி வைக்கவும் அடிக்கவும் இந்தப் பகுதியை யாரும் பயன்படுத்தக் கூடாது. உபாகமம் 21:18 முதல் 21 வரை, அடங்காத மகனைப் பற்றிய அந்தக் கடுமையான சட்டத்தில்கூட, தகப்பன் தன் கையால் எதையும் செய்ய அதிகாரம் கொடுக்கவில்லை, தாயும் தகப்பனும் சேர்ந்து ஊர்வாசலில் மூப்பரிடம் கொண்டுபோக வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆணவக்கொலைச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன ஊர்களில் உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதை நடத்துகிறவர் மறக்கவே கூடாது.

தாவீதின் மௌனமும் சாமுவேலின் மேடையும்

மூன்றாம் வாரம் 2 சாமுவேல் 13. இதற்கு முந்தின ஞாயிறே என்ன பகுதி என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், வர வேண்டாம் என்று நினைப்பவர்கள் காரணம் சொல்லாமலே வராமல் இருக்கலாம் என்றும் சொல்லுங்கள். தாவீது ராஜாவின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுக்கிறான். 21-ஆம் வசனத்தில் தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்படுகிறார். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று வசனத்தைத் தேடச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து தாமாரின் கூடப்பிறந்த அப்சலோம் ஆடு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அண்ணனைக் கொன்றுபோடுகிறான். தாமார் அப்சலோம் வீட்டில் தனித்துக் கிடக்கிறாள், அவளிடம் போய்த் தகப்பன் ஒரு வார்த்தை கேட்டதாக எங்கேயும் எழுதியில்லை. 1 இராஜாக்கள் 1:6-ல் தாவீதின் இன்னொரு மகன் அதோனியாவைப் பற்றியும் அதே மாதிரி ஒரு குறிப்பு, நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவன் தகப்பன் ஒருக்காலும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை என்று.

இதைப் பேசும்போது பெண்கள் இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஆண்கள் மட்டும் இருந்தால் பேச்சு உடனே தாவீதின் மனவேதனை, அப்சலோமின் கலகம் என்று ஓடிவிடும், தாமாரின் பெயர் மூன்று தடவைகூட வராது. அதே சமயம் யாரையும் சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். யாராவது பிறகு தனியாக வந்து தன் வீட்டிலோ சபையிலோ நடந்ததைச் சொன்னால், அதிலும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நடந்தது என்றால், அது உங்கள் ஜெபக்குழுவுக்குள் முடிக்கும் விஷயமே அல்ல. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்கிறவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறையும் அபராதமும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் கூப்பிடலாம். குடும்ப மானம், சபையின் பெயர், ஊழியரின் சாட்சி என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைப்பது தாவீது செய்ததைவிட மோசம், அவராவது கோபப்பட்டார்.

மிச்ச நேரத்தில் சாமுவேலைப் பாருங்கள். ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தீர்ப்பைச் சிறுவனாக இருந்து கேட்டு, ஏலியிடமே சொன்னவர். அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகள், பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள், அந்தப் பதவியைக் கொடுத்தவர் சாமுவேல்தான். ஆனால் 1 சாமுவேல் 8-ல் மூப்பர்கள் நேராக ராமாவுக்கு வந்து, உங்கள் குமாரர் உங்கள் வழியில் நடக்கவில்லை என்று முகத்துக்கு முன்னே சொல்கிறார்கள். 12-ஆம் அதிகாரத்தில் கிழவர் ஜனங்கள் எல்லோர் முன்பும் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். ஓய்வு பெறும் ஒவ்வொரு ஊழியருக்கும் பிரிவு உபசாரக் கூட்டத்தில் சால்வைக்கு முன்னால் இந்தப் பகுதியை வாசிக்கலாம் என்பது என் ஆசை.

எசேக்கியேல் 18-ஐயும் இந்த வாரமே வாசித்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஏலியைக் கேட்ட அன்றைக்கே தூக்கம் இழந்த பெற்றோர் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். மகன் குடிக்கிறான், சபைக்கு வருவதில்லை, சொந்தக்காரர்கள் "வளர்த்த லட்சணம்" என்று ஒரு வார்த்தையில் கொன்றுபோடுகிறார்கள். அந்த அதிகாரத்தில் நீதியான தகப்பனுக்குக் கொடுமைக்கார மகன் பிறக்கிறான், அந்த மகனுக்கு நீதியான பேரன் பிறக்கிறான், ஒவ்வொருவரும் தன் தன் கணக்கைத்தான் சுமக்கிறார்கள். தகப்பன் தின்ற காயால் பிள்ளையின் பல் கூசாது என்று தேவனே சொல்லிவிட்டார், திருப்பிப் போட்டாலும் அப்படித்தான். அந்தப் பெற்றோரிடம் மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: தெரிந்ததா, முடிந்ததா, செய்தீர்களா. செய்தோம் என்றால் அதற்கு மேல் அவர்கள்மேல் பழி போட யாருக்கும் உரிமை இல்லை, லூக்கா 15-ல் இளைய மகன் சொத்தைப் பிரித்துக்கொண்டு போன வீட்டுத் தகப்பனை இயேசு ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். எபேசியர் 6:4-ம் கொலோசெயர் 3:21-ம் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள், மனந்தளர விடாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்கின்றன. மார்க்குக்காக நாமக்கல் ஹாஸ்டல் பள்ளியில் இரண்டு வருஷம் விட்டுவிட்டு, வீட்டில் இருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழுந்திருக்கையில் பேசு என்ற உபாகமம் 6:7-ஐ எப்போது செய்வோம் என்று பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். பதில் வீட்டுக்கு வீடு மாறும், இரண்டு ஷிப்ட் ஓடும் அம்மாவிடம் போய் நேரம் ஒதுக்கவில்லையே என்று கேட்பது நியாயம் இல்லை.

ஊழியரிடம் கேட்பது

நாலாம் வாரம் கமிட்டிக்காரர்களும் போதகரும் இருந்தே ஆக வேண்டும். லேவியராகமம் 4-ல் தொடங்குங்கள். அறியாமல் செய்த பாவத்துக்கே அபிஷேகம் பெற்ற ஆசாரியன் ஒரு காளையைக் கொண்டுவர வேண்டும், சபை முழுவதும் சேர்ந்து பாவம் செய்தாலும் ஒரு காளைதான். பிரபுவுக்கு ஒரு வெள்ளாட்டுக்கடா, சாதாரண ஆளுக்குப் பெண் ஆடு. ஒரு ஆசாரியனின் தவறு ஒரு முழுச் சபையின் தவறுக்குச் சமம். போதகருக்கு அதிக ஆக்கினை என்று யாக்கோபு 3:1 சொல்வதும், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று மத்தேயு 18:6 சொல்வதும், தங்களையே மேய்க்கிற மேய்ப்பர்களை எசேக்கியேல் 34 கேட்பதும் இதே வரிசையில் வருகின்றன.

உடனே ஒருவர் சங்கீதம் 105:15-ஐ எடுப்பார், நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதிருங்கள் என்று. அந்தச் சங்கீதத்தில் 12-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் ஊர் ஊராகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றிய பேச்சு, ராஜாக்கள் அவர்களுக்குக் கேடு செய்யாமல் தேவன் காத்ததைச் சொல்கிறது. அபிஷேகம் பெற்ற சவுல் ராஜாமேல் கைவைக்க மாட்டேன் என்ற அதே தாவீது, 1 சாமுவேல் 24-ல் அறுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏன் என்னைக் கொல்லத் தேடுகிறீர் என்று சவுலிடம் உரக்கக் கேட்கிறார். கைவைக்காமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லோர் முன்பும் எதிர்த்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது, அதனால் சபை உடைந்துபோகவில்லை.

கேட்கும் முறைக்கு 1 தீமோத்தேயு 5:19, 20. மூப்பன்மேல் குற்றம் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்ற முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம். பாவம் செய்தவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்ற மறுபாதியை அதோடு சேர்த்தே வாசியுங்கள். முதல் பாதி ஊழியரை வதந்தியிலிருந்து காக்கிறது, அது நியாயம், வாட்ஸ்அப்பில் ஒருவர் பெயரைக் கெடுப்பது சுலபம். மறுபாதி சபையைக் காக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தை இந்தச் சாட்சிக் கணக்கில் கொண்டுவந்து, இரண்டு பேர் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள், அதை விசாரிக்க வேண்டியது போலீஸ்.

பதில் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைப் பற்றி ஆரோனிடம் மோசே கேட்டபோது, பொன்னை அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்றார், யாத்திராகமம் 32:24. தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது தாவீது, பாவஞ்செய்தேன் என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டார், ஆனாலும் விளைவுகள் நின்றுவிடவில்லை. மோசேக்கு, மேரிபாவில் தேவன் சொன்னபடி செய்யாததற்காகக் கானானுக்குள் போகும் வழி அடைபட்டது, தேவன் அவரைத் தள்ளிவிடவில்லை, மலைமேல் ஏற்றி தேசத்தைக் காட்டினார். மன்னிப்பும் பதவியும் ஒன்றாகத் திரும்பி வர வேண்டும் என்று வேதத்தில் கட்டாயம் இல்லை. தவறிய ஊழியர் மனம் திரும்பினால் அணைத்துக்கொள்ளுங்கள், பிரசங்க மேடையைத் திரும்பக் கொடுப்பது தனியாக, அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டியது.

பணத்துக்கு 2 இராஜாக்கள் 12. யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை ஆலயம் பழுதாகவே கிடந்தது, அப்புறம் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார், ராஜாவின் ஆளும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். இதைச் செய்துகாட்டலாம்: காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டுவது. போதகரும் அவர் மனைவியும் மகனுமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சிறிய சபைகளில் இது முதலில் சங்கடமாக இருக்கும். நாலு பேர் முன்னால் சத்தம் போடாமல், ஆராதனை முடிந்து நேரில் போய், "ஐயா, போன மாசக் கணக்கு இன்னும் போர்டுல வரலைங்க, எப்பங்க போடலாம்?" என்று கேளுங்கள். மரியாதை குறையாமல் கேட்க நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. எரிந்து விழுந்தால் அடுத்த முறை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மத்தேயு 18:16.

கடைசி வாரம் கலையும் முன்பு ஒரு தாளில் மூன்று முடிவுகளை எழுதுங்கள். காணிக்கை எண்ணப்போகிறவர்கள் யார் யார். ஞாயிறு பள்ளியிலும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் (வி.பி.எஸ்.) பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. ஊழியர்மேல் ஒரு பிள்ளையோ பெண்ணோ குறை சொன்னால் முதலில் கேட்டுக்கொள்ளும் ஆள், அவர் போதகரின் வீட்டைச் சேராதவராகவும் பெண்ணாகவும் இருப்பது நல்லது. மூன்றுக்கும் பெயரும் தேதியும் போட்டு, போதகரும் கமிட்டிச் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே குழு அதே தாளை எடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்கும் தேதியையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.